பந்தயம் இல்லாத மாதங்களில் டிரையத்லான் பயிற்சி



ஃபஜ்ர் தொழுகை முடிந்ததும் ஏற்காடு அடிவாரம் நோக்கி சைக்கிளில் கிளம்பும் இளைஞர்களை இந்த மார்கழியில் காண்கிறோம். அவர்களில் சிலர் டிரையத்லானுக்குத் தயாராகிறவர்கள். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் அடுத்தடுத்து இடைவிடாமல் முடிக்கும் போட்டி இது. 1974இல் அமெரிக்காவின் சான் டியாகோவில் தொடங்கி, 2000 சிட்னி ஒலிம்பிக்கில் இடம் பெற்றது. ஒலிம்பிக் அளவு 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. சைக்கிள், 10 கி.மீ. ஓட்டம். 2019இல் கோவாவில் தொடங்கிய அயர்ன்மேன் 70.3 போட்டியில் இவை 1.9, 90, 21.1 கி.மீ.

கோவா போட்டி அக்டோபர், நவம்பர் வாக்கில் நடந்து முடிந்துவிடும். அதற்குப் பிறகு சிலர் பயிற்சியை அடியோடு விட்டுவிடுகிறார்கள். சிலர் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அளவுக்கு மீறி ஓடி, முழங்கால் வலியோடு மருத்துவரிடம் போகிறார்கள். இரண்டும் வேண்டாம். குறைவாக இருந்தாலும் நிலையாகச் செய்யும் அமலை நபி (ஸல்) அவர்கள் சிறப்பித்துக் கூறியுள்ளார்கள். பயிற்சிக்கும் அந்த நிதானமே நல்லது.

போட்டி முடிந்ததும் ஓரிரு வாரம் ஓய்வு எடுக்க வேண்டும். பிறகு பெரும்பாலான பயிற்சி, மூச்சு வாங்காமல் பேச முடிகிற வேகத்தில் இருக்கட்டும். இதயமும் நுரையீரலும் சீக்கிரம் பழகிவிடும். தசைநாண்களும் எலும்பும் பழக நாளாகும். ஆகவே தூரத்தை வாரா வாரம் சிறிது சிறிதாகக் கூட்டி, நான்காவது வாரம் குறைக்க வேண்டும். வாரம் இரண்டு நாள் தண்டால், பஸ்கி போன்ற வலுவூட்டும் பயிற்சி செய்யலாம். நீச்சலில் வேகத்தை விட்டு, கை வீச்சையும் மூச்சு விடுவதையும் திருத்திக்கொள்ள இதுவே தக்க சமயம்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கிணறுகளும் ஏரிகளும் நிறைந்திருக்கும். அடியில் சேறும் பாறையும் கண்ணுக்குத் தெரியாது. எவ்வளவு நன்றாக நீந்தத் தெரிந்தவரும் அங்கே தனியாக இறங்கக் கூடாது. உயிர்காப்பாளர் இருக்கும் குளத்தில் மட்டும் பயிற்சி செய்யுங்கள்.

டிசம்பர், ஜனவரியில் சூரியன் உதிக்க ஆறரை மணி ஆகிவிடும். ஜமாஅத்தோடு தொழுதுவிட்டு, வெளிச்சம் வந்த பின் கிளம்பினால் போதும். ஹெல்மெட்டும் முன்பின் விளக்குகளும் கட்டாயம். ஏற்காடு சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. ஏறும்போது கால் வலிக்கும், அவ்வளவுதான். பனிமூட்டத்தில் இறங்கும்போதுதான் ஆபத்து. பிரேக்கைச் சரிபார்க்காமல் மலை ஏற வேண்டாம்.

 நோன்பு நாட்களில் கடும் பயிற்சியை நிறுத்திவிடலாம். இஃப்தாருக்குச் சற்று முன் மெதுவான நடையோ, தராவீஹுக்குப் பின் சிறு ஓட்டமோ போதும். இப்போது நிதானமாகச் சேர்த்த பலம் ஒரு மாதத்தில் கரைந்து போகாது.

பெற்றோர்களே, பிள்ளைகளைத் தடுக்க வேண்டாம். எங்கே நீந்துகிறாய், யாரோடு போகிறாய், சைக்கிளில் விளக்கு எரிகிறதா என்று மட்டும் தவறாமல் கேளுங்கள். உடல் நலமும் ஓர் அமானிதமே. அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக, ஆமீன்.