சம்பா நெல்லும் பகற்பொழுதின் நீளமும்

பழைய சம்பா ரகங்களில் பல பருவத்திற்குக் கட்டுப்பட்டவை. வைகாசியில் விதைத்தாலும் ஆடியில் விதைத்தாலும் ஐப்பசி, கார்த்திகை வாக்கில்தான் கதிர் வெளிவரும். அவசரப்பட்டு முன்னதாக விதைத்தவருக்கு மிஞ்சுவது ஓங்கி வளர்ந்து சாயும் தாள்தான். உரத்தின் மீதோ விதையின் மீதோ பழி சொல்லிப் பயனில்லை. பகல் குறுகி இரவு நீண்ட பிறகே இந்நெல்லில் கதிர் உருவாகத் தொடங்கும்.

பகலின் நீளத்தை வீட்டிலிருந்தே கணக்கிடலாம். இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, ஊரின் அட்சரேகை: கன்னியாகுமரி 8 பாகை, தஞ்சாவூர் ஏறத்தாழ 11, சென்னை 13. மற்றொன்று, சூரியன் பூமத்திய ரேகையிலிருந்து விலகி நிற்கும் பாகை. மார்ச் 21, செப்டம்பர் 23-ஐ ஒட்டி இது பூஜ்யம். ஜூன் 21-ல் வடக்கே 23½, டிசம்பர் 22-ல் தெற்கே 23½. ஆகஸ்டு 21-ல் வடக்கே 12, அக்டோபர் 21-ல் தெற்கே ஏறக்குறைய 11.

இரண்டையும் பெருக்கி 7-ஆல் வகுத்தால் நிமிடங்கள் கிடைக்கும். சூரியன் வடக்கே இருந்தால் 12 மணியுடன் கூட்ட வேண்டும். தெற்கே இருந்தால் கழிக்க வேண்டும். காற்றுமண்டலம் ஒளியை வளைப்பதாலும், சூரியனின் மேல்விளிம்பு தெரிவதையே உதயம் என்பதாலும் எந்நாளும் மேலும் 7 நிமிடம் சேர்க்க வேண்டும். தஞ்சையில் ஜூன் 21-க்கு 11 × 23½ ÷ 7 = 37; ஆகப் பகல் 12 மணி 44 நிமிடம். அக்டோபர் 21-ல் 11 மணி 50 நிமிடம். டிசம்பரில் 11½ மணி. நம் மாநிலத்திற்கு இக்கணக்கு இரண்டு மூன்று நிமிடத்திற்குள் சரியாக வரும், வடநாட்டிற்குப் பொருந்தாது.

மொத்த வித்தியாசம் ஒன்றேகால் மணிதானே என்று எண்ணக் கூடாது. கால் மணி நேர மாறுதலையே உணரும் ரகங்கள் உண்டு. தெருவிளக்கின் வெளிச்சம் இரவெல்லாம் விழும் வரப்போரத்தில் இத்தகைய நெல் கதிர்விடாமல் பச்சையாக நிற்பதைக் காணலாம்.

மேட்டூர் தண்ணீர் பிந்தும் ஆண்டுகளில் இது முக்கியம். தாமதித்து நட்டாலும் இந்த ரகங்கள் காலத்தில் பூத்துவிடும். தூர் கட்டத்தான் நாள் போதாது. எனவே நெருக்கி நட்டு, குத்துக்கு ஒன்றிரண்டு நாற்று அதிகம் வைக்க வேண்டும். மிகவும் பிந்திவிட்டால், 1966-ல் வந்த ஐ.ஆர். 8 முதலாகப் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத குட்டை ரகங்கள் பல உள்ளன. அவற்றில் குறுகிய வயதுள்ள ஒன்றை நாடலாம்.