மருத்துவமனைத் தொற்றுத் தடுப்பு

மருத்துவமனைத் தொற்று என்பது வேறொரு நோய்க்காக மருத்துவமனையில் சேர்ந்தவருக்கு அங்கே ஏற்படும் புதிய தொற்று ஆகும். பொதுவாக, சேர்ந்து 48 மணி நேரம் கழிந்தபின் தோன்றும் தொற்றுகள் இவ்வகையில் சேர்க்கப்படுகின்றன. உலக சுகாதார அமைப்பின் 2022 ஆம் ஆண்டு அறிக்கையின்படி, மருத்துவமனையில் சேரும் 100 நோயாளிகளில் உயர் வருவாய் நாடுகளில் 7 பேருக்கும், குறைந்த மற்றும் நடுத்தர வருவாய் நாடுகளில் 15 பேருக்கும் இத்தொற்று ஏற்படுகிறது. பாதிக்கப்படுவோரில் சராசரியாகப் பத்தில் ஒருவர் இறக்கிறார். இவற்றில் பெரும்பகுதியை எளிய வழிகளால் தடுக்க முடியும்.

பரவும் வழிகள்

தோல் நம் உடலின் இயற்கையான காவல். அறுவைக் காயம், சிறுநீர்க் குழாய், இரத்தக் குழாய்க்குள் செலுத்தப்படும் குழாய், செயற்கைச் சுவாசக் குழாய் ஆகியவை கிருமிகள் அக்காவலைக் கடந்து உள்ளே செல்ல வழி திறந்துவிடுகின்றன. ஒரு நோயாளியிடமிருந்து மற்றொருவருக்குக் கிருமிகள் செல்வது பெரும்பாலும் பணியாளர்களின் கைகள் வழியாகவே.

வரலாறு

வியன்னா பொது மருத்துவமனையில், மருத்துவர்களும் மாணவர்களும் பிணப் பரிசோதனை செய்துவிட்டு நேராகப் பேறு பார்க்கச் சென்றனர். அப்பிரிவில் பேறுகாலக் காய்ச்சலால் பல தாய்மார்கள் இறந்தனர். 1847 மே மாதத்தில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவுவதைக் கட்டாயமாக்கினார். ஏப்ரலில் 18 விழுக்காடாக இருந்த இறப்பு, ஜூனில் 2 விழுக்காடு அளவுக்குக் குறைந்தது. ஆயினும் அவர் கருத்தை அக்கால மருத்துவர் பலர் ஏற்கவில்லை.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், பீட்டர் பிரோனோவோஸ்ட் குழுவினர் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் ஐந்து செயல்களை வலியுறுத்தினர்:

1. கை கழுவுதல்
2. குழாய் செலுத்தும்போது முழுப் பாதுகாப்பு உடை அணிந்து, நோயாளியைத் தூய துணியால் மூடுதல்
3. குளோரெக்சிடின் மருந்தால் தோலைத் துடைத்தல்
4. கூடுமானவரை தொடை வழியே குழாய் செலுத்துவதைத் தவிர்த்தல்
5. தேவையற்ற குழாயை உடனே அகற்றுதல்

அவசர நிலை தவிர மற்ற நேரங்களில், இம்முறை மீறப்பட்டால் மருத்துவரையே தடுத்து நிறுத்தவும் ஏற்பாடு இருந்தது. 2006 இல் வெளியான முடிவின்படி, இரத்தத் தொற்று 66 விழுக்காடு வரை குறைந்தது. இந்த ஐந்தும் முன்பே அறியப்பட்டவைதாம். ஒவ்வொரு முறையும் தவறாமல் செய்ததே பயன் தந்தது.

கை தூய்மை

கை தூய்மை செய்ய வேண்டிய ஐந்து தருணங்களை உலக சுகாதார அமைப்பு வகுத்துள்ளது: நோயாளியைத் தொடுமுன், தூய்மை தேவைப்படும் சிகிச்சைச் செயலுக்கு முன், உடல் திரவங்கள் பட நேர்ந்தபின், நோயாளியைத் தொட்டபின், அவரைச் சுற்றியுள்ள பொருள்களைத் தொட்டபின். ஆல்கஹால் திரவம் எனில் 20 முதல் 30 வினாடிகளும், சோப்பும் நீரும் எனில் 40 முதல் 60 வினாடிகளும் தேவை. கையில் அழுக்குத் தெரிந்தால் சோப்பும் நீருமே ஏற்றவை. கையுறை அணிவது கை கழுவுவதற்கு மாற்றாகாது.

பார்வையாளர்கள் செய்ய வேண்டியவை

சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு உள்ளவர்கள் நோயாளியைப் பார்க்கச் செல்வதைத் தவிர்க்க வேண்டும். உள்ளே செல்லும்போதும் வெளியேறும்போதும் கை கழுவ வேண்டும். படுக்கையில் அமர்வதும், கட்டுகளையும் குழாய்களையும் தொடுவதும் கூடாது. "கை கழுவிவிட்டீர்களா?", "இந்தக் குழாய் இன்னும் தேவையா?" என்று பணியாளரிடம் பணிவுடன் கேட்கலாம், அது நோயாளியின் உரிமையாகும்.