நுனிக்காலில் நிற்க என்ன அவசரம்?

உங்கள் காதுமடலை மெதுவாக மடக்கி விடுங்கள். உடனே பழையபடி நிமிர்ந்துகொள்கிறதல்லவா? அதற்குள் இருப்பது குருத்தெலும்பு, எலும்பைவிட மென்மையானது. வளரும் பிள்ளைகளின் கால் எலும்புகளிலும், முனைக்குப் பக்கத்தில், ஒரு வகைக் குருத்தெலும்பு உண்டு. அதை ‘வளர்ச்சித் தட்டு’ என்பார்கள். நீங்கள் உயரமாவது அதன் தயவில்தான். இளநீர் வழுக்கை முற்றித் தேங்காயாவதுபோல, பதின்பருவத்தில் அதுவும் மெல்ல மெல்ல இறுகி எலும்பாகிவிடும்.

பாலே நடனத்தை எந்த வயதில் தொடங்கலாம் என்ற கேள்விக்குப் பதில் இந்தத் தட்டிலும் இருக்கிறது.

பாலே என்றதும், கால்விரல் நுனியில் நின்று சுழலும் பெண்தானே நினைவுக்கு வருகிறாள்? அவள் அணிவது ‘பாயின்ட் ஷூ’. அதன் முனையைத் தட்டினால் ‘டக் டக்’ என்று கேட்கும். ஆனால் உள்ளே மரக்கட்டை கிடையாது. துணியையும் காகிதத்தையும் அடுக்கடுக்காகப் பசை தடவி ஒட்டி இறுக வைத்திருப்பார்கள். ஒற்றைக் காலில் ஏறி நின்றால் உடம்பின் எடை முழுவதும் அந்தச் சின்ன முனையில்தான் இறங்கும். ஒரு பாதத்தில் 26 எலும்புகள். அவை வளர்ந்துகொண்டிருக்கும்போது, கணுக்காலிலும் வலு சேராதபோது அவசரப்பட்டு ஏறினால் காயம்தான் மிஞ்சும். அதனால் பெரும்பாலும் 11, 12 வயதில்தான், அதுவும் சில ஆண்டுகள் பயின்ற பிறகுதான், பாயின்ட் ஷூ கைக்கு வரும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. 3 முதல் 5 வயதுவரை இசைக்கேற்பத் துள்ளுவது, ஓடுவது, சட்டென்று நிற்பது என எல்லாமே விளையாட்டு. முறையான பாடம் 7, 8 வயதில் தொடங்கும். சுவரோரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பாதங்களை வெளிப்பக்கம் திருப்பி, முழங்காலை மடக்கி நிமிர வேண்டும். இந்தத் திருப்பம் இடுப்பு மூட்டிலிருந்து வர வேண்டும். பாதத்தை மட்டும் வலிந்து திருப்பினால் முழங்கால் நோகும்.

ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில், 1738-இல் தொடங்கிய புகழ்பெற்ற பாலே பள்ளி ஒன்று இருக்கிறது. பாலே நடனமணி அன்னா பாவ்லோவா அதில் சேர்ந்தபோது அவருக்கு வயது 10. அமெரிக்காவின் மிஸ்டி கோப்லாண்ட் பாலே கற்கத் தொடங்கியதோ 13 வயதில்! 2015-இல் ‘அமெரிக்கன் பாலே தியேட்டர்’ குழுவின் முதன்மை நடனமணியாக உயர்ந்தார். கொஞ்சம் தாமதமாகத் தொடங்கினாலும் குறையில்லை. நுனிக்காலில் ஏறத்தான் அவசரம் கூடாது.

நீங்களும் ஒரு சோதனை செய்யலாம். பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் நிற்கச் சொல்லுங்கள். வெறுங்காலோடு ஒற்றைக் காலில் நின்று 10 எண்ணுங்கள். பிறகு கண்ணை மூடிக்கொண்டு எண்ணுங்கள். தள்ளாடுகிறதா? உடம்பு சாயாமல் நிற்கக் கண், உட்காது, தசையும் மூட்டும் அனுப்பும் சேதி ஆகிய மூன்றும் மூளைக்கு வேண்டும். கண்ணை மூடியதும் மற்ற இரண்டுக்கும் வேலை கூடிவிடுகிறது. உங்கள் குட்டித் தம்பியையும் தங்கையையும் நிற்க வைத்துப் பாருங்கள். யார் முதலில் காலை ஊன்றுகிறார்கள்?