கால்நடை அறிவியல் ஆய்விதழுக்குக் கையெழுத்துப்படி தயாரித்தல்

கால்நடை அறிவியல் ஆய்விதழுக்கான கையெழுத்துப்படி என்பது, விலங்குகளின் நோய், சிகிச்சை, தீவனம், இனப்பெருக்கம், உற்பத்தி முதலியவை குறித்து நடத்தப்பட்ட ஆய்வை வெளியீட்டுக்காக ஆசிரியர் குழுவுக்கு அனுப்பும் வடிவில் எழுதிய கட்டுரையாகும். இன்று இது கணினியில் தட்டச்சு செய்யப்பட்டு இணையவழியில் அனுப்பப்பட்டாலும் பழைய பெயரே வழக்கில் உள்ளது. பிரித்தானியாவில் 1888-இல் தொடங்கிய 'வெட்டினரி ரெக்கார்ட்', இந்தியாவில் 1924-இல் தொடங்கிய 'இந்தியன் வெட்டினரி ஜர்னல்' ஆகியவை இத்துறையின் பழமையான இதழ்களுள் அடங்கும்.

ஆய்வு நடந்த பண்ணையையோ ஆய்வகத்தையோ நேரில் காணாத ஒரு கால்நடை மருத்துவர், அந்த முடிவைத் தம்மிடம் வரும் விலங்குக்குப் பயன்படுத்தலாமா என்று தீர்மானிக்கத் தேவையான அனைத்தையும் தருவதே நல்ல கையெழுத்துப்படியின் இலக்கணம்.

முக்கியத்துவம்

கட்டுரையில் விடுபடும் ஒரு விவரம் பிறகு களத்தில் சிக்கலாகிறது. மருந்தின் அளவு எழுதப்பட்டு, அது செலுத்தப்பட்ட வழி எழுதப்படாவிட்டால் அச்சிகிச்சையை வேறொருவர் அப்படியே பின்பற்ற முடியாது. ஆய்வைத் திரும்பச் செய்ய வேண்டி வந்தால் மேலும் பல விலங்குகள் ஊசிக்கும் நோய்க்கும் உட்படுத்தப்படும்.

தெளிவாக எழுதப்பட்ட ஆய்வு என்ன செய்யும் என்பதற்குத் தெற்காசியாவின் பாறு கழுகுகள் குறித்த ஆய்வு சான்றாகும். இக்கழுகுகள் பெருமளவில் இறந்துவந்ததன் காரணம் நெடுநாள் புலப்படவில்லை. பாகிஸ்தானில் நடந்த ஆய்வொன்று 2004-இல் 'நேச்சர்' இதழில் வெளியானது. சிறுநீரகம் செயலிழந்து உள்ளுறுப்புகளில் யூரிக் அமில உப்பு படிந்து இறந்த 25 கழுகுகளிலும் டைக்ளோஃபினாக் என்னும் வலிநீக்கி மருந்தின் எச்சம் இருந்தது. வேறு காரணங்களால் இறந்த 13 கழுகுகளில் ஒன்றில்கூட அது இல்லை. அம்மருந்து கொடுக்கப்பட்ட கால்நடைகளின் இறைச்சியை உண்ட கழுகுகளுக்கு அதே பாதிப்பு ஏற்படுவதும் சோதனை வழியே காட்டப்பட்டது. 2006-இல் கால்நடைகளுக்கான டைக்ளோஃபினாக் தயாரிப்பை இந்திய அரசு தடை செய்தது. மாற்று மருந்தான மெலாக்சிகாம் கழுகுகளுக்குப் பாதுகாப்பானது என்பதைக் காட்டும் ஆய்வும் அதே ஆண்டில் வெளியானது. நோயுற்றவை எத்தனை, ஒப்பீட்டுக்கு எடுத்தவை எத்தனை என்று எண்களுடன் கூறப்பட்டதால் அந்த முடிவின் வலிமையை எவரும் எடைபோட முடிந்தது.

ஆய்வு தொடங்கும் முன்

கையெழுத்துப்படி தயாரிக்கும் பணி உண்மையில் ஆய்வுக்கு முன்பே தொடங்குகிறது. அப்போது பெறாத அனுமதியையும் குறித்துவைக்காத தரவையும் எழுதும் நேரத்தில் உருவாக்க இயலாது.

நெறிமுறை அனுமதி: இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், விலங்குச் சோதனைகளை மேற்பார்வையிடும் குழு ஒன்று இயங்குகிறது. ஒவ்வொரு நிறுவனத்திலும் உள்ள விலங்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலைப் பெற்ற பின்னரே சோதனையைத் தொடங்க வேண்டும். ஒப்புதல் எண்ணைக் கட்டுரையில் குறிப்பிடுமாறு ஆய்விதழ்கள் கேட்கின்றன. வளர்ப்போரின் மாடு, ஆடு, நாய் முதலியவற்றை ஆய்வில் சேர்த்தால் உரிமையாளரின் இசைவும் தேவை.

மூன்று கொள்கைகள்: ரஸ்ஸல், பர்ச் ஆகிய இருவரும் 1959-இல் முன்வைத்த கொள்கைகள் இன்றும் அடிப்படையாக உள்ளன. இயன்ற இடத்தில் விலங்குக்குப் பதிலாக வேறு முறையைக் கையாளுதல், விலங்குகளின் எண்ணிக்கையைக் குறைத்தல், அவற்றின் துன்பத்தைத் தணித்தல் என்பனவே அவை.

அறிக்கை வழிகாட்டிகள்: ஆய்வின் வகைக்கேற்ப எந்த விவரங்களை எழுத வேண்டும் என்று கூறும் சரிபார்ப்புப் பட்டியல்கள் உள்ளன. விலங்குச் சோதனைகளுக்கு 2010-இல் வெளியாகி 2020-இல் திருத்தப்பட்ட 'அரைவ்', பண்ணை விலங்குகளில் நடக்கும் சிகிச்சைச் சோதனைகளுக்கு 'ரிஃப்ளெக்ட்', கள நோய்ப்பரவல் ஆய்வுகளுக்கு 'ஸ்ட்ரோப்-வெட்' ஆகியவை பரவலாகப் பயன்படுகின்றன. இவற்றை ஆய்வைத் திட்டமிடும்போதே படித்துவிட்டால் எந்தெந்தத் தரவைக் குறித்துவைக்க வேண்டும் என்பது தெளிவாகும்.

ஆய்விதழைத் தேர்ந்தெடுத்தல்

இதழின் நோக்கமும் வாசகர்களும் கட்டுரைக்குப் பொருந்த வேண்டும். ஒரு மாவட்டத்தில் கண்ட அரிய அறுவைச் சிகிச்சை நேர்வை, மூலக்கூறு உயிரியல் இதழுக்கு அனுப்பிப் பயனில்லை. அண்மை இதழ்களில் வெளியான கட்டுரைகளைப் படிப்பதும், 'ஆசிரியர்களுக்கான வழிமுறைகள்' என்னும் பகுதியை வரிவரியாகப் படிப்பதும் முதல் வேலை. பணம் செலுத்தினால் சில நாட்களிலேயே வெளியிடுவதாக உறுதி கூறி, மதிப்பாய்வே செய்யாத போலி இதழ்களைத் தவிர்க்க வேண்டும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது நெறிமுறை மீறலாகும்.

கட்டுரையின் அமைப்பு

பெரும்பாலான ஆய்வுக் கட்டுரைகள் அறிமுகம், பொருள்களும் முறைகளும், முடிவுகள், விவாதம் என்ற நான்கு பகுதிகளைக் கொண்டவை. இவற்றை இதே வரிசையில் எழுத வேண்டியதில்லை. முறைகளையும் முடிவுகளையும் முதலில் எழுதி, சுருக்கத்தையும் தலைப்பையும் இறுதியில் எழுதுவது பலருக்கு எளிதாக இருக்கும்.

தலைப்பு: எந்த விலங்கு, எந்த நோய் அல்லது சிகிச்சை, என்ன வகை ஆய்வு என்பன தலைப்பிலேயே தெரிய வேண்டும். 'வெள்ளாடுகளில் குடற்புழு நீக்க மருந்துகள்' என்பதைவிட, எந்த மருந்து, எந்தப் புழு என்று கூறும் தலைப்பு பயனுள்ளது.

சுருக்கம்: பலர் இதை மட்டுமே படிப்பர். நோக்கம், விலங்குகளின் எண்ணிக்கை, முறை, முதன்மையான முடிவு, அதன் பொருள் ஆகியவை இதில் இருக்க வேண்டும். கட்டுரையில் இல்லாத செய்தி எதுவும் சுருக்கத்தில் வரக் கூடாது.

அறிமுகம்: இதுவரை அறியப்பட்டது, அறியப்படாதது, இந்த ஆய்வு விடைதேடும் கேள்வி என்ற மூன்று படிகளில் சுருக்கமாக அமையலாம். நோயின் வரலாறு முழுவதையும் இங்கே எழுதத் தேவையில்லை.

பொருள்களும் முறைகளும்: கட்டுரையின் முதுகெலும்பு இப்பகுதியே. விலங்கின் இனம், பாலினம், வயது, உடல் எடை, தீவனம், கொட்டில் அமைப்பு, தடுப்பூசி விவரம் ஆகியவற்றைக் குறிப்பிட வேண்டும். 'நாட்டு மாடு' என்று பொதுவாக எழுதாமல், காங்கேயமா உம்பளச்சேரியா என்று கூற வேண்டும். மருந்தின் வணிகப் பெயருக்கு முன் பொதுப்பெயர் வர வேண்டும். 'மெலாக்சிகாம் ஊசி போடப்பட்டது' என்னும் வரி போதாது. 'மெலாக்சிகாம், உடல் எடையில் கிலோவுக்கு 0.5 மில்லிகிராம், தோலுக்கடியில், ஒரே முறை' என்று எழுதினால்தான் மற்றொருவர் அதைப் பின்பற்ற இயலும். விலங்குகள் குழுக்களாகப் பிரிக்கப்பட்ட விதத்தையும், எந்த விலங்குக்கு எந்தச் சிகிச்சை என்பது முடிவைப் பதிவுசெய்தவருக்குத் தெரியுமா என்பதையும் சொல்ல வேண்டும்.

முடிவுகள்: கண்டவை மட்டுமே இடம்பெற வேண்டும், விளக்கம் விவாதத்துக்கு உரியது. அட்டவணையில் உள்ள எண்களை உரையில் மீண்டும் அடுக்கக் கூடாது. ஆய்வின் இடையில் இறந்த அல்லது விலக்கப்பட்ட விலங்குகளைக் காரணத்துடன் குறிப்பிட வேண்டும். 20 ஆடுகளுடன் தொடங்கிய ஆய்வின் அட்டவணையில் 17 மட்டும் இருந்தால், மூன்று ஆடுகள் என்னவாயின என்பதே மதிப்பாய்வாளரின் முதல் கேள்வியாக இருக்கும்.

விவாதம்: முடிவின் பொருள், பிற ஆய்வுகளுடன் ஒப்பீடு, ஆய்வின் வரம்புகள் ஆகியவை இங்கே வரும். ஒரே பண்ணையில் கண்டதை நாடு முழுவதற்கும் பொதுவாக்கக் கூடாது. பயன் தராத சிகிச்சையைப் பற்றிய முடிவும் வெளியிடத் தக்கதே. அதை மறைத்தால் மற்றொருவர் அதே சிகிச்சையை வேறு விலங்குகளில் வீணாகச் சோதிக்க நேரிடும்.

ஆய்வு அலகும் புள்ளியியலும்

கால்நடை ஆய்வுகளில் அடிக்கடி நேரும் பிழை, ஆய்வு அலகைத் தவறாக எண்ணுவது. 12 பசுக்களில் மடிநோய்ச் சிகிச்சை ஆராயப்படுவதாகக் கொள்வோம். ஒரு மடிக்கு நான்கு காம்புகள் வீதம் 48 பால் மாதிரிகள் கிடைக்கும். ஆனால் ஒரே பசுவின் நான்கு காம்புகளும் ஒரே உடலையும் ஒரே கொட்டிலையும் ஒரே கறவையாளரின் கையையும் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றைத் தொடர்பற்ற 48 அலகுகளாகக் கணக்கிட்டால், இல்லாத உறுதி முடிவில் தோன்றிவிடும். ஒரே கூண்டில் ஒரே தீவனத் தொட்டியில் உண்ணும் கறிக்கோழிகளுக்கும் இது பொருந்தும். தீவனம் கூண்டுக்கே வழங்கப்படுவதால் அங்கே அலகு கூண்டேயன்றிக் கோழி அன்று. இப்பிழையை எழுதும்போது திருத்துவது கடினம் என்பதால், திட்டமிடும் கட்டத்திலேயே புள்ளியியல் அறிந்தவரின் உதவியைப் பெறுவது நல்லது.

பி மதிப்பு 0.05-க்குக் குறைவு என்று மட்டும் எழுதுவதும் போதாது. வேறுபாட்டின் அளவையும் நம்பிக்கை இடைவெளியையும் தர வேண்டும். புள்ளியியல் நோக்கில் குறிப்பிடத்தக்க வேறுபாடு, பால் உற்பத்தியில் உழவருக்குப் பயன்படும் அளவு பெரியதாக இல்லாமலும் போகலாம்.

ஆசிரியர் பெயர்கள்

மருத்துவ ஆய்விதழ் ஆசிரியர்களின் பன்னாட்டுக் குழு வகுத்த நான்கு நிபந்தனைகளைப் பல கால்நடை இதழ்களும் ஏற்கின்றன. ஆய்வில் கணிசமான பங்களிப்பு, கட்டுரையை எழுதுதல் அல்லது ஆழ்ந்து திருத்துதல், இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், முழு ஆய்வுக்கும் பொறுப்பேற்றல் ஆகிய நான்கும் நிறைவேறினால்தான் ஒருவர் ஆசிரியர் ஆவார். துறைத்தலைவர் என்பதற்காக மட்டும் பெயர் சேர்ப்பதும், உழைத்த மாணவரின் பெயரை விடுவதும் தவறு. மாதிரி எடுக்க உதவியோரையும் விலங்குகளைத் தந்த உழவர்களையும் நன்றிப் பகுதியில் குறிப்பிடலாம். செயற்கை நுண்ணறிவுக் கருவி பொறுப்பேற்க இயலாது என்பதால் அதை ஆசிரியராகக் காட்ட இயலாது. பயன்படுத்தியிருந்தால் வெளிப்படையாகக் கூற வேண்டும். மருந்து நிறுவனத்தின் நிதியுதவி இருந்தால் அதையும் அறிவிக்க வேண்டும்.

அனுப்புதலும் மதிப்பாய்வும்

அனுப்பும் முன் பின்வருவனவற்றைச் சரிபார்க்க வேண்டும்:

- சுருக்கம், உரை, அட்டவணை ஆகியவற்றில் எண்கள் ஒத்துப்போகின்றனவா
- உரையில் சுட்டிய நூல்கள் அனைத்தும் மேற்கோள் பட்டியலில் உள்ளனவா
- நெறிமுறை ஒப்புதல் எண், நிதியுதவி, நலன் முரண் அறிவிப்பு ஆகியவை இடம்பெற்றுள்ளனவா
- மரபணு வரிசைகள் பொதுத் தரவுத்தளத்தில் சேர்க்கப்பட்டு, அவற்றின் எண்கள் தரப்பட்டுள்ளனவா
- எல்லா ஆசிரியர்களும் இறுதி வடிவத்தைப் படித்து ஒப்புக்கொண்டார்களா

கட்டுரையுடன் அனுப்பும் கடிதத்தில் ஆய்வின் புதுமையையும் அது அந்த இதழுக்குப் பொருந்தும் காரணத்தையும் சில வரிகளில் கூறலாம். ஆசிரியர் குழு ஏற்றால் கட்டுரை துறை வல்லுநர்களின் மதிப்பாய்வுக்குச் செல்லும். திருத்தம் கோரினால், ஒவ்வொரு கருத்துக்கும் தனித்தனியே பதில் எழுதி, மாற்றிய வரிகளைச் சுட்டிக்காட்ட வேண்டும். உடன்பாடில்லாத கருத்துக்குச் சான்றுடன் பணிவாக மறுப்பு எழுதலாம். மதிப்பாய்வாளருக்குப் புரியாத வரி களத்தில் உள்ள மருத்துவருக்கும் புரியாமல் போகக்கூடும் என்பதால், அத்தகைய வரியைக் கடிதத்தில் விளக்குவதோடு நில்லாமல் கட்டுரையிலேயே திருத்தி எழுதுவது முறையாகும்.