உங்களுக்குத் தெரியுமா? காலையில் பறவை, மாலையில் ஓட்டப்பந்தயம்!

தெற்காசிய நாடுகளின் சாஃப் விளையாட்டுப் போட்டிகள் 1995 டிசம்பர் 18 முதல் 27 வரை அன்றைய மெட்ராஸில் நடந்தன. வேடந்தாங்கல் சரணாலயத்தில் பறவைகள் தங்கும் நவம்பர்–மார்ச் பருவமும் அதுதான். 2024 ஜனவரியில் கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகள் சென்னைக்கு வந்தபோதும் அப்படியே.

படுக்கை, அடுப்போடு கேரவனிலோ வேனிலோ குடும்பமாக வருபவர்களுக்கு, இப்படிப் பருவமும் போட்டியும் சேர்ந்து வருவது இரண்டையும் ஒரே நாளில் பார்க்க அருமையான வாய்ப்பு. ஆனால் தடகளப் போட்டிகளுக்குப் பேர்போன நேரு விளையாட்டரங்கம் இருப்பது சென்ட்ரல் ரயில் நிலையத்தை ஒட்டிய நெரிசலான பெரியமேட்டில். பெரிய வண்டியோடு அங்கே நுழைவது வீண் அலைச்சல். வேடந்தாங்கலில் பறவைகளைப் பார்த்துவிட்டு, செங்கல்பட்டில் பாதுகாப்பான இடத்தில் வண்டியை விட்டுவிட்டு, கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் ஏறுங்கள். பூங்கா நிலையத்தில் இறங்கினால் அரங்கம் பக்கம்தான்.

2013-இல் ஆசியத் தடகளப் போட்டியே இங்கு நடந்திருக்க வேண்டியது. இலங்கை வீரர்கள் பங்கேற்பதை எதிர்த்துத் தமிழக அரசு நடத்த மறுத்ததால், அது புனேவுக்குப் போனது.

வேடந்தாங்கலில் ஹாரன் மட்டும் அடிக்காதீர்கள். பறவைகள் மிரளக் கூடாதென்று தீபாவளிக்குப் பட்டாசையே தவிர்க்கும் ஊர் அது.