உங்களுக்குத் தெரியுமா? விண்மீன் என்று நம்பியவை

1620இல் தரங்கம்பாடிக்கு வந்து டேன்ஸ்போர்க் கோட்டை கட்டத் தொடங்கிய டேனிஷ்காரர்களுக்கு இங்கே புது வானமும் கிடைத்தது. வடதுருவ விண்மீன் அடிவானத்துக்கு மேல் 11 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். கோபன்ஹேகனில் தலைகாட்டவே காட்டாத தென்வானமோ இங்கே தாராளமாகத் தெரியும்.

அதில் பளிச்சென்று மின்னுவது ஆல்ஃபா சென்டாரி. வெறுங்கண்ணுக்கு ஒன்றுதான். 1689இல் வடக்கே புதுச்சேரியில் வால்மீன் ஒன்றைப் பார்த்துக்கொண்டிருந்த பிரெஞ்சு சேசு சபைப் பாதிரியார் ரிஷோ, தொலைநோக்கியை இதன் பக்கம் திருப்பினார். இரண்டு விண்மீன்கள்! அன்றிலிருந்து அது ‘இரட்டை’. 1915இல் மங்கலான மூன்றாவது துணையும் அகப்பட்டது. சூரியனுக்கு மிக அருகிலுள்ள விண்மீன் அதுதான்.

இன்னும் பெரிய ஏமாற்றுக்காரர் ஒமேகா சென்டாரி. பண்டைய வானியலாளர் தாலமி இதை விண்மீன் பட்டியலில் சேர்த்தார். 1677இல் வானியலாளர் ஹாலி, இது விண்மீன் அல்ல, மங்கலான ஒளித்திட்டு என்றார். உண்மையில் சுமார் 17,000 ஒளியாண்டு தொலைவில் ஏறக்குறைய ஒரு கோடி விண்மீன்கள் உருண்டு திரண்ட கோளக் கொத்து. சிதைந்துபோன குட்டி விண்மீன் மண்டலத்தின் மிச்சமே இது என்று வாதிடும் வானியலாளர்களும் உண்டு. ஆக, வகைப்பாடு இன்னும் முடியவில்லை.

மே மாத நடுவில், இரவு பத்து மணி வாக்கில், நிலவில்லாத நாளாகப் பார்த்து, ஒமேகா சென்டாரியைத் தேடித் தெற்கே பைனாகுலரைத் திருப்புங்கள்.