தினமும் ஒரு வரலாற்றுக் கேள்வி: புதிதாகச் சேர்பவருக்கு

காலையில் ஒருவர் வரலாற்றுக் கேள்வி ஒன்றைப் போடுவார். பகல் முழுக்கப் பதில்கள் வரும், இரவில் விடை வரும். வாட்ஸ்ஆப்பிலோ டெலிகிராமிலோ நடக்கும் இப்படியொரு வினாடி வினாக் குழுவில் உங்களையும் யாரோ சேர்த்துவிட்டார். இனி என்ன?

"பள்ளியோடு வரலாற்றை விட்டவனுக்கு இங்கே என்ன வேலை?" என்று தோன்றும். பயப்பட வேண்டாம். நல்ல கேள்வியில் பாதி விடை உள்ளேயே இருக்கும். "1806-ல் சிப்பாய்க் கிளர்ச்சி எங்கே நடந்தது?" என்று கேட்டால் தெரிந்தவர் சொல்வார், மற்றவர் போய்விடுவார். இப்படிக் கேட்டால்? "திப்பு சுல்தானின் பிள்ளைகள் காவலில் இருந்த கோட்டை. புதுத் தலைப்பாகையும், தாடியும் நெற்றிக்குறியும் கூடாது என்ற உத்தரவும் அங்கிருந்த சிப்பாய்களைக் கொதிக்க வைத்தன. அடக்குவதற்கு ஆற்காட்டிலிருந்து குதிரைப்படை வந்தது." ஆற்காட்டுக்குப் பக்கத்தில் எந்த ஊரில் கோட்டை இருக்கிறது என்று யோசித்தாலே வேலூர் கைக்கு வந்துவிடும்.

கூகுளில் பார்த்துவிட்டுச் சொல்பவர்களை என்ன செய்வது? ஒன்றும் செய்ய முடியாது. "பார்த்துத்தான் சொல்கிறேன், மதிப்பெண் வேண்டாம்" என்று சொல்லிவிட்டால் போதும். பரிசே இல்லாத ஆட்டத்தில் யார் யாரை ஏமாற்றப் போகிறார்கள்?

விடையைக் குழுவிலேயே எழுதலாமா? கூடாது. பின்னால் வருபவர் யோசிக்க ஒன்றும் மிஞ்சாது. அட்மினுக்கு (குழுவை நடத்துபவர்) தனியே அனுப்புங்கள். டெலிகிராமில் இதற்கென்றே வினாடி வினா வாக்கெடுப்பு இருக்கிறது. ஒருமுறை தொட்டால் சரியா தவறா என்று உடனே காட்டும், பிறகு மாற்ற முடியாது.

முதலில் சொன்னவருக்கு மதிப்பெண் என்று வைப்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிப்பதில்லை. காலை ஏழு மணிக்கு அடுப்படியில் நிற்பவர் அந்தக் கணக்கில் என்றைக்கும் ஜெயிக்க மாட்டார். இரவு ஒன்பது வரை நேரம் கொடுத்துவிட்டால் தகராறு இல்லை.

அப்படியானால் தகராறு எங்கேதான் வரும்? பெரும்பாலும் கேள்வியில். "தமிழ்நாடு என்ற பெயர் எந்த ஆண்டு வந்தது?" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் 1967 என்பார். சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது அந்த ஆண்டு ஜூலை 18-ல். இன்னொருவர் 1968 என்பார். நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது அப்போதுதான். மூன்றாமவர் 1969 என்பார். பெயர் நடைமுறைக்கு வந்தது அந்த ஆண்டு ஜனவரி 14, பொங்கல் நேரம். மூவரையும் தவறு என்று சொல்ல முடியாது. "எந்த நாள் முதல் நடைமுறைக்கு வந்தது?" என்று கேட்டிருந்தால் வம்பே இல்லை.

ஆனால் அந்த வம்பிலிருந்துதான் அன்றைய அரட்டையே பிறக்கும். இந்தப் பெயருக்காக உண்ணாவிரதம் இருந்து 1956-ல் உயிர்விட்ட சங்கரலிங்கனாரை விருதுநகர்க்காரர் ஒருவர் நினைவூட்டுவார். பெயர் வந்த மூன்றே வாரத்தில், பிப்ரவரி 3-ல், அண்ணா மறைந்ததை இன்னொருவர் சொல்வார். நாலு வரிக் கேள்விக்கு நாற்பது வரிப் பேச்சு. நான் குழுவில் இருப்பதே இதற்காகத்தான்.

தேதிக் கேள்விகளில் இன்னொரு பள்ளம் உண்டு. ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி நவம்பர் 7-ல் நடந்தது என்றால் புதியவர் திகைப்பார். அப்போது அங்கே ஜூலியன் நாட்காட்டி (ஜூலியஸ் சீசர் காலத்திலிருந்து வந்த பழைய கணக்கு) புழக்கத்தில் இருந்தது. அதன்படி அன்று 1917 அக்டோபர் 25. எந்தக் கணக்கு என்று கேள்வியிலேயே சொல்லிவிடுவது நல்லது. "முதல்" என்று தொடங்கும் கேள்விகளும் அப்படித்தான். முதல் சுதந்திரப் போர் எது என்று கேட்டால் வேலூர், 1857, பூலித்தேவன் என்று ஆளுக்கொரு பக்கம் இழுப்பார்கள்.

உங்கள் விடைதான் சரி என்று பட்டால்? தாராளமாக வாதாடுங்கள், ஆனால் எந்தப் புத்தகம் என்று சொல்லுங்கள். ஃபார்வர்டு செய்தி சாட்சி ஆகாது. தமிழ்நாடு அரசின் பள்ளி வரலாற்றுப் புத்தகங்கள் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. பழைய நூல்களுக்குத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது. வாதம் இன்றைய கட்சி அரசியலுக்குத் தாவினால் மட்டும் அட்மின் உடனே நிறுத்திவிட வேண்டும். குழு உடைவது அங்கேதான்.

நாலு நாள் வராமல் போனால்? யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள். "எங்கே ஆளையே காணோம், உடம்புக்கு ஏதுமா?" என்றுதான் விசாரிப்பார்கள்.

ஒருநாள் கேள்வி போடும் முறை உங்களுக்கும் வரும். உலகப் போருக்கெல்லாம் ஓட வேண்டாம். உங்கள் ஊர்த் தெருப் பலகையைப் பாருங்கள். தியாகராய நகருக்குப் பெயர் தந்தவரும், அங்குள்ள பனகல் பூங்காவுக்குப் பெயர் தந்தவரும் ஒரே கட்சிக்காரர்கள். எந்தக் கட்சி? விடை, நீதிக்கட்சி. தி.நகரில் துணி எடுத்தவர்கள் அத்தனை பேரும் அன்று பேச வந்துவிடுவார்கள்.